பரிசு விழுந்தால் கைக்கு எவ்வளவு வரும்? – வீட்டுக்குப் பயனுள்ள வரிக் குறிப்புகள்

திருக்கடையூரில் கல்யாணத்துக்குப் பஞ்சமே கிடையாது. அறுபது, எழுபது, எண்பது என்று அபிராமி சன்னதியில் மாலை மாற்றிக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு ஆவணியில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில் மொய்க் கவரைப் பிரித்தால், பணத்துக்குப் பதில் கேரளாவின் திருவோணம் பம்பர் சீட்டு ஒன்று இருந்தது. பாலக்காட்டுச் சிநேகிதர் வைத்தது, விலை 500 ரூபாய். அன்று பந்தியில் பாயசத்தைவிட அந்தச் சீட்டைப் பற்றிய பேச்சுதான் அதிகம். விழுந்தால் வரி உண்டா, யார் கட்டுவது, அறுபது வயதானால் சலுகை உண்டா என்று ஆளுக்கொரு கேள்வி. நான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இலையை மூடிவிட்டுச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சட்டப் பிரிவு எண்களைத் தவிர்த்திருக்கிறேன். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வைத்து எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். வரி விகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

1. லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், கசினோ, டிவி போட்டி எதில் ஜெயித்தாலும் வரி 30 சதவீதம். அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ். ஆக நூற்றுக்கு 31 ரூபாய் 20 காசு. சம்பளத்துக்கு இருப்பதுபோல் "இவ்வளவு வரை வரி இல்லை" என்ற படிக்கட்டு இதற்குக் கிடையாது. 20,000 ரூபாய் விழுந்தால் 6,000 பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வேறு வருமானமே இல்லாதவர் ரிட்டர்ன் போட்டாலும் அந்த 6,000 திரும்பாது. குறுவை நெல் விற்ற பணத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. அதற்காகப் பரிசுப் பணத்தையும் நெல் பணத்தோடு கலந்து காட்ட முடியாது.

2. ஒரே தடவையில் 10,000 ரூபாய்க்கு மேல் விழுந்தால்தான் கொடுக்கிறவர் வரியைப் பிடிப்பார். 9,000 விழுந்தால் முழுசாகக் கைக்கு வரும். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று அர்த்தமில்லை, அதையும் நாமேதான் கணக்கில் காட்ட வேண்டும்.

3. விட்டதைக் கழிக்க முடியாது. வருஷம் முழுக்கச் சீட்டு வாங்கியே 40,000 ரூபாய் போயிருக்கும், கடைசியில் 30,000 விழுந்திருக்கும். மனசுக்கு அது 10,000 நஷ்டம். வரி இலாகாவுக்கு அது 30,000 வருமானம். சீட்டு வாங்கிய செலவுகூடக் கழியாது. இந்த ஒரு குறிப்பைப் படித்துவிட்டு யாராவது சீட்டு வாங்குவதை விட்டுவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

4. பெரிய பரிசின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 திருவோணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. கேரளாவில் முதலில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போகும், 2.5 கோடி. மிச்சம் 22.5 கோடியில் 30 சதவீதம், அதாவது 6.75 கோடி, அங்கேயே பிடித்துக்கொண்டு 15.75 கோடி கொடுப்பார்கள். எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கைக்கு வந்ததெல்லாம் நம்முடையது என்று செலவைத் தொடங்கிவிடுகிறார்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் சர்சார்ஜ் என்று ஒன்று உண்டு. அதையும் செஸ்ஸையும் லாட்டரி இலாகா பிடிப்பதில்லை, நாம்தான் கட்ட வேண்டும். 22.5 கோடியும் ஒருவர் பெயரிலேயே இருந்தால், புதிய வரி முறையில் சர்சார்ஜ் 25 சதவீதம். செஸ்ஸும் சேர்ந்து இன்னும் 2 கோடியே 2.5 லட்சம் பாக்கி நிற்கும். அதையும் கட்டினால் கடைசியில் மிஞ்சுவது 13 கோடியே 72.5 லட்சம். பாக்கி வரியைத் தனியாக ஒரு வைப்பு நிதியில் போட்டுவிட்டு, அப்புறம் வீடு பார்க்கப் போங்கள்.

5. டிவி போட்டியில் 1 கோடி ஜெயித்தால்? 30 லட்சம் பிடிப்பார்கள். சர்சார்ஜ் 10 சதவீதம், செஸ் எல்லாம் சேர்த்து இன்னும் 4.32 லட்சம் நாம் கட்ட வேண்டும். மிஞ்சுவது 65.68 லட்சம்.

6. பாக்கி வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதி கெடு. பரிசு விழுந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும். இங்கே மாலை மாற்ற வருகிற தம்பதிகளுக்கு ஒரு சலுகை உண்டு: 60 வயது நிறைந்து, வியாபார வருமானம் இல்லாதவர்கள் முன்கூட்டிக் கட்ட வேண்டியதில்லை, ரிட்டர்ன் போடும்போது கட்டலாம். பந்தியில் கேட்டவருக்கு நான் சொன்ன ஒரே நல்ல செய்தி இதுதான்.

7. கேரளச் சீட்டை கேரளாவில், கடையில் நின்று காகிதமாக வாங்குங்கள். அந்த அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. போனில் படம் அனுப்பி "சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன்" என்பவன் ஏமாற்றுக்காரன். தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை. 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே பரிசுச் சீட்டு நடத்திய மாநிலம் இது, அந்தக் காலத்துச் சீட்டை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிற பெரியவர்கள் உண்டு. இப்போது டீக்கடை ஓரத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற மூன்று நம்பர் லாட்டரி முழுக்கத் திருட்டு. விழுந்தாலும் கேட்க நாதி இல்லை, விழாவிட்டாலும் போலீஸ் வரும்.

8. சீட்டு வாங்கிய உடனே பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். சேர்ந்து வாங்கினால் யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று குலுக்கலுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். 2023-ல் மலப்புறம் மாவட்டத்தில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் 11 பேர் 250 ரூபாயைப் பங்கு போட்டு வாங்கிய மழைக்கால பம்பருக்கு 10 கோடி விழுந்தது. அப்படிப்பட்ட ஒற்றுமை எல்லா ஊரிலும் இருக்காது.

9. நகைக் கடை, ஜவுளிக் கடைக் குலுக்கலில் கார், ஸ்கூட்டர் விழுந்தாலும் 30 சதவீதம் உண்டு. வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே கடைக்காரர் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 8 லட்சம் காருக்கு 2.4 லட்சம் ரொக்கம் தயாராக வேண்டும். சில கடைகள் அதைத் தாங்களே ஏற்கும், கூப்பனின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

10. மோசடிக்காரர்கள் நுழைவதும் இந்த வழியில்தான். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குத் தபாலில் சுரண்டும் கூப்பன் ஒன்று வந்தது. சுரண்டினால் கார்! "வரி மட்டும் 12,600 ரூபாய் அனுப்புங்கம்மா" என்று போன். வரி கட்ட வேண்டும் என்பது பொய்யில்லையே, அதனால் அக்கா நம்பிவிட்டார். நல்லவேளை, பணம் அனுப்ப என் மகனிடம் போனைக் கொடுத்தார். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வரி உங்கள் பான் எண்ணில், செலானில், அரசாங்கக் கணக்குக்குப் போகும். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு எந்த வரியும் போகாது. அனுப்பித் தொலைத்துவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

11. பரிசு வாங்கும்போது பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சகஜ் என்கிற ஐடிஆர்-1 படிவம் லாட்டரிப் பணத்துக்கு ஆகாது. வேறு சிக்கல் இல்லாதவருக்கு ஐடிஆர்-2.

12. ஆன்லைன் ரம்மி. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பழைய கணக்கு நிற்கிறது. 2023 ஏப்ரல் முதல் இதற்கு 10,000 வரம்பும் கிடையாது, எடுத்த நிகர லாபத்தில் 30 சதவீதம் பிடித்திருப்பார்கள். ஒரு கம்பெனிக்குள் போட்ட பணத்தைக் கழித்துத்தான் லாபம் பார்ப்பார்கள், அந்த ஆப்பில் விட்டதை இந்த ஆப்பில் கழிக்க முடியாது. வீட்டுக்குத் தெரியாமல் ஆடிய பையன்களின் கணக்கு வரி இலாகாவின் தாளில் தெரிகிறது. அவர்களின் அப்பாக்களுக்கு நான் எத்தனை தடவை அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது!

13. ஏலச்சீட்டு எடுத்த பணம் பரிசு அல்ல. "சீட்டு விழுந்தது" என்று சொல்வதால் பயந்துவிடாதீர்கள். பதிவு பெற்ற சீட்டில் வருவது உங்கள் பணமும் நீங்கள் திருப்பிக் கட்டப்போகிற பணமும்தான்.

14. நம் நாட்டில் மாநிலத்துக்கென்று தனி வருமான வரி இல்லை. கோவாக் கசினோவில் ஜெயித்தாலும் கேரள எல்லை வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தாலும் மத்திய அரசின் இதே 30-தான். அமெரிக்காவில் அப்படியல்ல. மத்திய வரி ஒன்று, மாநில வரி ஒன்று. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரி இல்லை, அட்லாண்டிக் சிட்டி இருக்கும் நியூ ஜெர்சியில் உண்டு. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விட்டதை ஓரளவு கழிக்கலாம், 2026 முதல் அதிலும் 90 சதவீதம்தான். அதற்குத் தேதிவாரியாக நோட்டு எழுத வேண்டும், கசினோ உறுப்பினர் அட்டையில் பதிவாகும் வருடாந்தரக் கணக்கையும் வாங்கி வைக்க வேண்டும். அந்த அட்டைக்குக் கொடுக்கிற பாயின்ட், இலவச அறை, இலவசச் சாப்பாடு எல்லாம் நாம் விட்ட பணத்தின் ஒரு துளி என்பதை மறக்கக் கூடாது. பேரனைப் பார்க்கப் போன தாத்தா வீடியோ போக்கர் மிஷினில் பெரிய தொகை ஜெயித்தால் வெளிநாட்டவர் என்று 30 சதவீதம் பிடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆள் பிளாக்ஜாக்கிலோ ரூலெட்டிலோ ஜெயித்தால் பிடிக்க மாட்டார்கள். எதுவானாலும் இந்தியாவில் குடியிருப்பவர் ஊர் திரும்பி இங்கேயும் காட்ட வேண்டும், அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம்.

15. சிங்கப்பூரில் டோட்டோ லாட்டரி ஜெயித்தால் அந்த ஊரில் வரி இல்லை. அதற்காக இங்கிருந்து பணம் அனுப்பிச் சீட்டு வாங்கச் சொல்லாதீர்கள். லாட்டரிக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிப்படி தடை.

16. கடைசியாக எங்கள் ஊர் விஷயம். கல்யாண மொய்க்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் அறுபதாம் கல்யாணத்தைச் சட்டம் திருமணமாக ஏற்கும் என்று நம்ப வேண்டாம், பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள், மாமா, சித்தப்பா, அத்தை கொடுத்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. சித்தப்பா மகன், மாமா மகள், சிநேகிதர்கள் சட்டப்படி உறவு ஆகமாட்டார்கள். அவர்கள் கொடுத்தது வருஷத்தில் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. ஆகவே மொய் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் என்ன உறவு என்றும் எழுதுங்கள்.

அந்த பம்பர் சீட்டுக்கு ஒன்றும் விழவில்லை. மொய் நோட்டில் அதை 500 ரூபாய் என்று எழுதி, எதிரே "நண்பர்" என்று போட்டிருக்கிறார்கள்.