உழைப்பும் உடல்வலியும்: ஆண், பெண் வேறுபாடு

நெல் சாகுபடியில் உழவும் மூட்டை சுமத்தலும் பெரும்பாலும் ஆண்களின் பணி. நாற்று நடுதலும் களை பறித்தலும் பெரும்பாலும் பெண்களின் பணி. முதுகுவலி இருபாலாருக்கும் உண்டு. ஆனால் காரணம் ஒன்றன்று. டிராக்டரின் அதிர்வும் மூட்டையின் பளுவும் ஆணின் இடுப்பைத் தாக்குகின்றன. பெண்ணோ சேற்றில் மணிக்கணக்காகக் குனிந்தே நிற்கிறாள். நாற்றின் எடை சொற்பமே. எனினும் குனிந்த நிலை முதுகுத் தசைகளை ஓயவிடுவதில்லை. பீடி சுற்றுதல், தேயிலை பறித்தல் போன்ற பணிகளில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதால் மணிக்கட்டும் தோளும் கழுத்தும் நோகின்றன.

உடலமைப்பா, வேலைப் பங்கீடா?

உடலமைப்புக்கும் இதில் பங்குண்டு. பெண்களின் கைப்பிடி வலிமை சராசரியாக ஆண்களினுடையதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய் பெண்களிடையே அதிகம். கருவுற்ற காலத்தில் அது தோன்றுவதும் உண்டு. ஆனால் வேலைப் பங்கீடும், ஆணின் உயரத்துக்கும் பிடிக்கும் ஏற்ப அமைந்த கருவிகளும் இவ்வேறுபாட்டைப் பெரிதாக்குகின்றன. ஓய்வின்மையும் மற்றொரு காரணம். 2019 ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். களைத்த தசை ஆறுவதற்கு வாய்ப்பேது?

எடை வரம்பு மட்டும் போதுமா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டு உடன்படிக்கை, பெண்கள் சுமக்கும் எடை ஆண்களுக்குரிய வரம்பினும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும் என்கிறது. இது தேவையான காப்பே. ஆயினும் எடையை மட்டும் அளக்கும் விதி, குனிவையும் ஓயாத கையசைவையும் கணக்கில் கொள்வதில்லை. ‘இலகுவான வேலை’ என்று பெயர் பெற்ற பணியால் வரும் வலி, வீட்டு வேலையாலோ வயதாலோ வந்ததெனத் தள்ளப்படுகிறது. சிகிச்சையும் இழப்பீடும் எட்டாமற் போகின்றன.

செய்யத்தக்கவை

போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய பல் அரிவாள், மக்காச்சோளம் உதிர்க்கும் குழாய்க் கருவி ஆகியவை கையின் சிரமத்தைக் குறைக்கின்றன. இத்தகைய கருவிகள் கிராமங்களைச் சென்றடைய வேண்டும். நெடுங்கைப்பிடிக் களைக்கருவி, வேலைக்கிடையே சிற்றோய்வு, பணிகளை மாற்றி மாற்றிச் செய்தல் ஆகியனவும் பயன் தரும். ஆண்களின் சுமையையும் இயந்திரங்களுக்கு மாற்றுதல் அவசியம். பெண்களை வேலையினின்று விலக்குதல் காப்பாகாது. வேலையை மனித உடலுக்கு ஏற்றதாக்குவதே காப்பாகும்.