உடைந்த இஞ்சின் பிளாக்கை வாங்கலாமா?

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் எண்ணெய் இஞ்சினால் நீரிறைக்கும் விவசாயி, மலிவென்று எண்ணிக் கடன் பெற்றுப் பழுதான பழைய பிளாக்கை வாங்கினால், பயிரும் காய்ந்து கடனும் நிற்க நேரிடலாம். ஆகவே, அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. வெடிப்பு: நீரின்றி ஓடிச் சூடேறிய இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். மெல்லிய கீறல் கண்ணுக்குப் புலப்படாது. பிளாக்கைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்கு துடைத்தபின் சாக்குத் தூளைத் தூவினால், கீறல் ஈரக்கோடாகத் தெரியும். நீர் சுற்றும் அறையின் வெளிச்சுவரில் வெடிப்பிருந்தால் சீராக்கலாம். கிராங்க் பேரிங் அமரும் பீடத்தில் இருந்தால் வாங்கலாகாது.

2. பற்றவைப்பு: வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு கரி உண்டு. ஆதலின், முன்னதாகச் சூடேற்றிப் பற்றவைத்து மெதுவாக ஆறவிடாவிடில், பற்றின் அருகே மீண்டும் வெடிக்கும். முன்பே பற்றவைத்த பிளாக்கில் நீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்தல் வேண்டும்.

3. தேய்மானம்: சிலிண்டரை மேலும் நடுவிலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்ந்திருப்பின் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். அல்லது லைனர் மாற்றலாம். அவ்வளவில் பிஸ்டன் கிடைக்குமா என்று முன்பே விசாரிக்க வேண்டும். லிஸ்டர் மாதிரியில் ராஜ்கோட்டில் செய்யப்பட்ட இஞ்சின்களுக்கு உறுப்புகள் கிடைப்பது எளிது. எனினும் அளந்தே வாங்குக.

4. கணக்கு: உதாரணமாக, பிளாக் ரூ. 2,000, பற்றவைப்பு 1,500, கடைசல் 1,200, பிஸ்டனும் வளையமும் 1,800, வண்டிக்கூலி 500 எனில் மொத்தம் ரூ. 7,000. பழுதில்லாப் பிளாக் ரூ. 7,500க்குக் கிடைக்குமாயின், மிச்சம் ஐந்நூறே. அதற்காக ஒரு போகத்தைப் பணயம் வைப்பது விவேகமன்று.

பட்டறைச் சோதனை முடிந்த பின்னரே பணம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நலம். அதற்கு இசையாதவரிடம் வாங்காதிருப்பதே லாபம்.