தனக்கு மிஞ்சிய மின்சாரம்

கடை மாடியில் சூரியத் தகடு பொருத்தி, மிஞ்சுகிற மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பது பற்றி வணிகர்களிடையே இப்போது பரவலாகப் பேச்சு நடக்கிறது. தகடு விற்க வருவோர் சிலர், "இனி உங்களுக்கு மின்கட்டணமே இல்லை, வாரியம்தான் உங்களுக்குப் பணம் தரும்" என்று ஆசை காட்டுகிறார்கள். தொழில் நல்ல தொழில்தான். ஆனால் கடன் வாங்கி முதல் போடுவதற்கு முன், எந்தச் சரக்கையும் பார்ப்பது போல இதையும் கொள்விலை, விற்பனை விலை பார்த்தே நாம் முடிவு செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டரில் இரண்டு வகை

நம் கடைகளில் ஏற்கெனவே இருப்பது பேட்டரி இன்வெர்ட்டர். கரண்ட் போனால் சேமித்ததைக் கொடுக்கும். இதைக் கொண்டு வாரியத்துக்கு மின்சாரம் விற்க முடியாது. விற்பதற்கு வேண்டியது மின்கட்டமைப்போடு இணைந்து ஓடும் இன்வெர்ட்டர். தகட்டிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, கம்பியில் வரும் 230 வோல்ட், 50 சுழற்சி மின்சாரத்தோடு இசைய வைத்து அனுப்புவது அதன் வேலை. உற்பத்தியாவது முதலில் நம் விளக்குக்கும் பிரீசருக்கும் போகும். எஞ்சியது தானாகவே வெளியே கம்பிக்குப் போய்விடும்.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. தெருவில் கரண்ட் போனால், நல்ல வெயில் அடித்தாலும் இந்த இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடும். அது பழுது அன்று. கம்பம் ஏறி வேலை செய்யும் ஊழியர் மீது நம் கடையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே பில் போடும் கணினிக்கும் நாலு விளக்குக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரை வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு வேலையும் செய்யும் கலப்பு வகையும் கிடைக்கிறது. பேட்டரியும் சேர்வதால் அதன் விலை கூடும்.

மீட்டர் எண்ணும் விதம்

விற்பவர் கடையில் இருவழி மீட்டர் வைப்பார்கள். உள்ளே வந்த யூனிட் தனி, வெளியே போன யூனிட் தனி என்று அது எண்ணும். அந்த இரண்டு எண்களையும் கழித்துக்கொள்ளும் முறையில்தான் வீட்டுக்கும் கடைக்கும் வேறுபாடு வருகிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் பிறப்பித்த ஆணை, வீட்டு இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறையை வைத்தது. கடை இணைப்புகளுக்கு வைத்தது பணமாகக் கழிக்கும் முறை. அதாவது, நாம் வாங்கிய யூனிட்டுக்கு வணிகக் கட்டணம். நாம் கொடுத்த யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த வேறொரு விலை. கம்பிகளைப் பயன்படுத்துவதற்காகத் தனிக் கட்டணத்தையும் அதே ஆணை கொண்டுவந்தது.

நமக்கு இது புதிதல்ல. சில்லறைக்கு வாங்கி மொத்த விலைக்கு விற்பவன் நிலைதான் இது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். இங்கே தனக்கு மிஞ்சித்தான் விற்பனையும்.

ஒரு மளிகைக் கடையின் கணக்கு

கணக்கு எளிதாக இருக்கச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். வாரியத்திடம் வாங்கும் யூனிட் 10 ரூபாய், கொடுக்கும் யூனிட் 3 ரூபாய், ஒரு கிலோவாட் அமைக்க 60,000 ரூபாய். ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். கடைக்கு வெயில் நேரத்தில் மட்டும் 16 யூனிட் செலவாகிறது என்போம்.

4 கிலோவாட் அமைத்தால் உற்பத்தி 16 யூனிட். காலையில் கூடக் குறைய ஓடுவதால் 14 யூனிட் நமக்குப் பயன்பட்டு, 2 யூனிட் வெளியே போகட்டும். மிச்சம் 140 ரூபாய், வரவு 6 ரூபாய், ஆக நாளைக்கு 146. போட்ட 2,40,000 ரூபாய் ஏறத்தாழ நாலரை ஆண்டில் திரும்பும்.

"மாடி முழுக்கப் போடுங்கள்" என்ற பேச்சைக் கேட்டு 8 கிலோவாட் போட்டால் உற்பத்தி 32 யூனிட். நமக்கு 16, வெளியே 16. மிச்சம் 160, வரவு 48, ஆக 208. இரண்டாவதாகப் போட்ட 2,40,000 ரூபாய்க்கு நாளொன்றுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 62 ரூபாய்தான். அந்த முதல் திரும்பப் பத்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். கம்பிக் கட்டணமும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை; சேர்த்தால் இன்னும் நீளும்.

ஆகவே தகட்டின் அளவை நிர்ணயிப்பது மாடியின் அளவு அன்று. பகல் நேரச் செலவுதான். பிரீசரும் மாவு மில்லும் பகலில் ஓடும் கடைக்கு இது லாபம். மாலை ஆறு மணிக்கு மேல்தான் வியாபாரம் என்ற கடைக்கு அத்தனை லாபமில்லை. வாரவிடுமுறை நாளில் உற்பத்தியாவதில் பெரும்பகுதி மலிவு விலைக்குப் போகும் என்பதையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கீழே கடை, மேலே வீடு

நம்மில் பலருக்கு இரண்டு இணைப்பு உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அறிவிக்கப்பட்ட 78,000 ரூபாய் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே உரியது. மானியத்தில் வீட்டுக்குப் போட்டு, ஒரு கம்பியைக் கீழே கடைக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கேட்பார்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நோட்டீசில் போய்விடும்.

கையெழுத்துக்கு முன்

1. ஓராண்டு மின்கட்டண அட்டையை எடுத்துக்கொள்ளவும். ஒரு வாரம் காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்து, பகல் செலவைக் கண்டுபிடிக்கவும்.

2. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம், விளம்பரப் பலகை இவற்றின் நிழலைப் பார்க்கவும். வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் அவசியம்.

3. அன்றைய விற்பனை விலையையும் கம்பிக் கட்டணத்தையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளவும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ஆய்வின்றி ஏற்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் திருத்தப்பட்டிருப்பதையும் நினைவில் வைக்கவும்.

4. தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் உத்தரவாதம் தனித்தனி. இரண்டையும் எழுத்தில் வாங்கவும். பழுது பார்க்க வருபவர் உள்ளூரில் இருக்கிறாரா என்றும் விசாரிக்கவும்.

வெயில் இலவசம், தகடு இலவசமல்ல. பகல் செலவுக்கு அளவாகப் போட்டு, மிஞ்சியதை விற்போம். விற்பதற்காகவே போட வேண்டாம்.