பாடம் விரலில் தங்கும் இரவு

மிருதங்கம் பயிலும் இளம் கலைஞருக்கு,

விரலுக்குரிய பாடம் வாத்தியத்தின் முன் அமர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏறிவிடுவதில்லை. அன்றிரவு உறங்கும் மூளையும் அதில் வேலை செய்கிறது. 2002-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மாத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்டு முதலானோர், வலக்கைப் பழக்கமுடையவர்களை இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையை இயன்ற வேகத்தில் தட்டச் செய்தனர். பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து மீண்டும் தட்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு உறங்கி எழுந்தவர்களிடமோ, இடையில் பயிற்சி ஏதும் இல்லாதபோதும், வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது, பிழை கூடவில்லை.

இளம் கலைஞர் இதைவிடவும் கருத்தில் கொள்ள வேண்டியது 2004-இல் அதே ஆய்வாளர்கள் கண்டதாகும்: அந்த முன்னேற்றம் வரிசை முழுவதும் சமமாகப் பரவாமல், முதல்நாள் விரல் எங்கே தயங்கியதோ அந்த இடங்களிலேயே மிகுதியாகக் குவிந்திருந்தது. மிருதங்கத்தில் அதற்கு நிகரான இடம் கோர்வையின் சந்தி; ‘தகதிமி’ முடிந்து ‘ததிங்கிணதொம்’ தொடங்கும் அந்த ஒரு கணத்தில் விரல் மயிரிழை பிந்த, தாளம் உள்ளுக்குள் நொண்டுகிறது. அதனை நள்ளிரவு வரை அடித்தே சரிசெய்ய முயல்வதைக் காட்டிலும், நிதானமான காலத்தில் சில முறை பிசகின்றி வாசித்துவிட்டுப் படுப்பதே அறிவுடைமை.

உறக்கத்தின் இரண்டாம் கட்டம் எனப்படும் மிதமான உறக்கத்தில், நொடிக்குச் சுமார் 12 முதல் 15 முறை வரை அதிரும் சிற்றலைகள் தோன்றி ஓரிரு நொடிக்குள் அடங்குகின்றன. நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து முனைகளில் மெலிந்திருப்பதால் இவை கதிரலைகள் எனப்படுகின்றன. மூளையின் நடுவே உள்ள தலாமஸில் பிறந்து புறணிக்குப் பரவும் இவ்வலைகளுக்கும் விரல் நினைவுக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. களைப்பு நீங்கியதே முன்னேற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு, அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் 2022-இல், மூளைப் புறணியில் மின்முனைகள் பொருத்தப்பட்ட ஒருவர் பகலில் ஆடிய விளையாட்டின் நரம்பணு வடிவங்கள், அன்றிரவு உறக்கத்தில் மீண்டும் எழுந்தது நேரடியாகப் பதிவாயிற்று.

2002 ஆய்வில் முன்னேற்றத்தோடு மிக நெருங்கி இணைந்திருந்தது இரவின் கடைசிக் காற்பகுதியில் கிடைத்த இரண்டாம் கட்ட உறக்கம். பதினொரு மணிக்குப் படுத்து நான்கு மணிக்குச் சாதகத்துக்கு எழுபவர் வெட்டி எறிவது அந்தப் பகுதியையே. அதிகாலைச் சாதகம் அருமையானது, விட்டுவிடத் தக்கதன்று. ஆனால் நான்கு மணிக்கு எழ விரும்புபவர் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். கச்சேரி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி விடியலில் வண்டி ஏற வேண்டிய நாள்களில் புதுக் கோர்வை எதையும் தொடாமல், கைவந்ததையே மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, புதியதை முழு இரவு வாய்க்கும் நாளுக்கு ஒத்திவைப்பது நலம்.