குழாய் ஜலத்தில் குடியிருக்கும் கிருமிகள்

குழாய் வந்துவிட்டால் ஜலத்தைப் பற்றிய கவலை ஒழிந்தது என்று கிராமவாசிகளில் பலர் எண்ணுகின்றனர். காலரா, விஷ ஜுரம் முதலிய வியாதிகளைத் தடுப்பதில் சுத்திகரித்த ஜலம் செய்துள்ள நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், சுத்தமாக வந்த ஜலமே தொட்டியிலும் குழாயிலும் தேங்கியபின் கெடுவதுண்டு. அதன் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் அவசியம்.

1976-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில், ஓர் ஓட்டலில் முன்னாள் போர்வீரர் சங்கத்தின் மகாநாடு நடந்தது. அது முடிந்த சில தினங்களுக்குள் பலருக்கு ஜுரமும் நிமோனியாவும் கண்டன. நோயுற்ற 182 பேரில் 29 பேர் மாண்டனர். 1977 ஜனவரியில் ஜோசப் மக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர், அதுவரை அறியப்படாத ஒரு கிருமியே காரணம் எனக் கண்டார். 'லீஜியன்' என்ற அச்சங்கத்தின் பெயரையொட்டி அது லீஜியோனெல்லா எனப்பட்டது.

இக்கிருமி ஆறு குளங்களில் சொற்ப அளவில் இயற்கையாகவே உள்ளது. குழாய்க்குள் புகுந்தால், உட்சுவரில் படியும் வழவழப்பான படலத்தில் அது ஒண்டிக்கொள்கிறது. ஜலம் தேங்கத் தேங்க அதிலுள்ள குளோரின் குறைந்துவிடுகிறது. 25 முதல் 45 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள வெப்பத்தில் கிருமி செழித்துப் பெருகும். வெயிலில் நிற்கும் மாடித் தொட்டியின் ஜலம் பெரும்பாலும் இந்நிலையிலேயே இருக்கிறது.

ஜலத்தைப் பருகுவதைவிட, பூவாளிக் குழாயில் ஸ்நானம் செய்கையில் எழும் நுண்திவலைகளைச் சுவாசிப்பதனாலேயே இந்நோய் பெரிதும் உண்டாகிறது. ஆகையால், குடிஜலத்தைக் காய்ச்சுவது நன்றேயாயினும் இதற்கு அது மட்டும் போதாது. திடகாத்திரமுள்ளோர் பெரும்பாலும் தப்பிவிடுவர். வயோதிகர், புகைபிடிப்போர், சுவாசகோச வியாதியும் நீரிழிவும் உள்ளோர் ஆகியோரையே, பலவீனம் பார்த்து இக்கிருமி தாக்குகிறது.

அநுஷ்டிக்க வேண்டியவை:

1. தொட்டியை இறுக மூடி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் வண்டல் நீக்கித் தேய்த்துக் கழுவுக.

2. பல நாள் பூட்டியிருந்த வீட்டில், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, திவலை முகத்தில் படாதவாறு குழாய்களைச் சில நிமிஷம் ஓடவிடுக.

3. உபயோகமற்ற குழாய்க் கிளைகளை அகற்றுக. பூவாளித் தலையைக் கழற்றி அழுக்கு நீக்குக.

4. வெந்நீர்க் கலத்தில் ஜலம் 60 டிகிரிக்குக் குறையாதிருக்கட்டும். அது தோலைச் சுடுமாதலால், தண்ணீர் கலந்தே உபயோகிக்க வேண்டும்.

பலர் உபயோகிக்கும் தொட்டியை, மற்றொருவர் கழுவுவார் என ஒவ்வொருவரும் விட்டுவிடுவது வழக்கம். கடன் தவணைக்குத் தேதி குறிப்பது போலத் தொட்டி கழுவுவதற்கும் தேதி குறித்து, பொறுப்பாளர் பெயரைச் சங்கத்தின் மினிட்டுப் புத்தகத்தில் பதிந்துவைத்தல் நலம். கடன் தவணை தவறினால் வட்டியோடு போகும். இத்தவணை தவறினாலோ வீட்டிலுள்ள முதியோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.