துளியின் கணக்கு

நுழையும்முன்

கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் நம்புவதற்கு அளவே அடிப்படை. குடிநீரை அளக்கும் கருவி பழுதுபட்டால் நீர் எங்கே வீணாகிறது என்பது எவருக்கும் தெரியாமற்போகும். அதைத் தெரியச்செய்யும் புதிய வழியை இப்பாடம் விளக்குகிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைசேர்ந்த சிப்பிகளை எண்ணிய பின்னரே ஏலம் விட்டனர். குளித்தோருக்குச் சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. எண்ணிக்கை பிழைத்தால் கடலுள் மூழ்கி உழைத்தவரின் பங்கு குறையும். இன்று அதே கரையில் எண்ணிக் காக்கவேண்டிய செல்வம் குடிநீர்.

இந்நகருக்குத் தாமிரபரணியே உயிர்நாடி. நகராட்சித் தலைவராக விளங்கிய குரூஸ் பர்னாந்தின் முயற்சியால் வல்லநாட்டிலிருந்து ஆற்றுநீர் குழாய்வழியே இங்கு வந்தது. தொலைவிலிருந்து கொணரும் நீரை இழப்பது, அதை ஏற்றிய மின்சாரத்தையும் மக்களின் உழைப்பையும் சேர்த்து இழப்பதாகும்.

தேயும் கருவி

வீட்டுக் குழாயில் பொருத்தப்படும் பழைய நீர்மானியினுள் சிறு சுழலி ஒன்று உண்டு. நீரோட்டம் அதனைச் சுழற்ற, பற்சக்கரங்கள் எண்களை நகர்த்தும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வுறுப்புகள் தேயும். மணலும் உப்புப்படிவும் அவற்றைத் தடுக்கும். அதனால் மெல்லிய நீரோட்டம் கணக்கில் ஏறுவதில்லை.

நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டர் ஒழுகும் குழாயைக் கருதுவோம். ஒருநாளில் அது இழப்பது 144 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வழங்க வேண்டுமென வகுக்கப்பட்ட அளவோ 135 லிட்டர். ஆகவே, ஒரு சிறுகசிவு ஒரு மனிதரின் ஒருநாள் நீரை முழுமையாகப் பறிக்கிறது. தேய்ந்த நீர்மானி அதனை அறிவிப்பதில்லை.

தானே உரைக்கும் கருவி

தானியங்கி நீர்மானி, தான் அளந்ததை வானொலி அலைகள் வழியே அலுவலகத்திற்கு அனுப்புகிறது. மீயொலியால் அளக்கும் வகையில் அசையும் உறுப்புகளே இல்லை. எனவே, சுழலி தேயும் இடரும் இல்லை. ஒரு பகுதிக்குள் நுழைந்த நீரையும் அங்குள்ள வீடுகள் பெற்ற நீரையும் ஒப்பிட்டால் இடையில் இழந்தது புலப்படும். ஊர் உறங்கும் நள்ளிரவிலும் நீரோட்டம் குறையவில்லையெனில் கசிவு உண்டென ஐயுறலாம்.

மகாராட்டிரத்தின் மல்காப்பூர் என்னும் சிற்றூர், 24 மணிநேரக் குடிநீர் வழங்கலுடன் இத்தகைய நீர்மானிகளையும் ஏற்றுப் பயன்கண்டது. கோவையிலும் 24 மணிநேரக் குடிநீர்த் திட்டத்தின் பகுதியாக நீர்மானிகள் பொருத்தப்படுகின்றன.

கருவியும் அறமும்

கருவி மட்டும் போதாது. விட்டுவிட்டு நீர் வழங்கும்போது குழாயினுள் புகும் காற்றும் சுழலியைச் சுழற்றி, பெறாத நீருக்குக் கட்டணம் காட்டக்கூடும். வீடுதோறும் சென்று கணக்கெடுத்த பணியாளருக்குக் கசிவறியும் பயிற்சி அளித்தல் வேண்டும். எளியோரின் அடிப்படைத் தேவைக்குக் கட்டணம் சுமையாகாமல் காத்தலும் கடமை. இவை அமைந்தால்தான் குழாயின் கடைசி வீட்டிற்கும் உரிய நீர் சென்றுசேரும், அளவும் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. இரவில் குழாய்களை மூடிய பின்பும் காலையிலும் உங்கள் வீட்டு அல்லது பள்ளி நீர்மானியின் எண்களைக் குறித்து, வேறுபாட்டின் காரணத்தை ஆராய்க.
2. ‘அளவில் நேர்மை’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.