பழனி மலைப் புல்வெளிகள்

கொடைக்கானல் என்றவுடன் ஏரியையும் தூண்பாறையையும் நினைக்கும் நாம், அம்மலையின் இயற்கை உடை புல் என்பதை மறந்துவிடுகிறோம். ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் பரந்த புல்வெளியும், நீர் கசியும் பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் சோலைக்காடும் அமைந்திருப்பதே அதன் இயல்பு. திறந்தவெளியில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். தோற்றத்தில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களை ஒத்திருப்பினும், அங்குள்ள ஹெதர் செடிக்குப் பதிலாக இங்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது, 2018இல் பூத்தது. இப்புல்லை நம்பி வாழ்வது நம் மாநில விலங்கான வரையாடு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் அவை 1031 என்றே மதிப்பிடப்பட்டன.

வெற்றுநிலம் எனக் கருதி இப்புல்வெளிகளில் வாட்டில், பைன், தைலமரங்களை நட்டனர். மரம் நடுவது நல்லது என்றுதானே நாமும் படித்தோம்! ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது புல்லும் சோலையும்தான். அவ்வோடைகள் வராக நதி, மஞ்சளாறு வழியே வைகையைச் சேர்கின்றன. திருமங்கலம் கால்வாயில் நீர் வருமா என்று பார்த்திருக்கும் நமக்கு இது அயலூர்ச் செய்தி அன்று.

வாட்டிலை வெட்டிவிட்டால் போதுமா எனின், போதாது. மண்ணில் கிடக்கும் அதன் விதை பல்லாண்டு கழித்தும் முளைக்கும். சிற்சில இடங்களில் அம்மர நிழலிலேயே சோலைக்கன்றுகள் தலைதூக்குகின்றன. அவ்விடங்களை அப்படியே விட்டு, புல் எஞ்சியுள்ள ஓரங்களில் பரவிவரும் வாட்டில் கன்றுகளைப் பிடுங்குவதே முதல் வேலை.